ஒப்பீட்டுப் பிள்ளை

"உன்னை மாதிரியே இருந்து, ஆனா பள்ளிக்கூடம் போயிட்டு இருக்கிற பொண்ணு யாராவது உனக்குத் தெரியுமாம்மா?"

கேட்டவர் கல்விப் பயன் அளவீட்டு ஆணையத்திலிருந்து வந்திருந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. கையில் நாற்பத்தேழு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. அவர் படியேறி வந்தபோது நான் கூடத்து மேசையில் ஒரு பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டைக்குச் சொந்தக்காரி, என் தங்கை, எனக்குப் பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் பதில் தொண்டைவரை வரும். அது வெளியே வருவதற்குள் வேறு யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் ஆனது.

"நான் இருக்கேனே சார்," என்றாள் தங்கை. வாயில் ரிப்பன் இருந்ததால் கொஞ்சம் குழறியது.

எங்கள் வீட்டில் என்னைப் பெரிசு என்றும் அவளைச் சின்னது என்றும் கூப்பிடுவார்கள். பதினோரு மாதம்தான் வித்தியாசம். இரண்டு பேரையும் இரண்டு தடவை கூட்டிக்கொண்டு அலைய முடியாது என்று அப்பா ஒரே நாளில் ஒரே வகுப்பில் சேர்த்துவிட்டார். ஒரே பெஞ்சு. ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சையில் நான் எழுபத்திரண்டு, அவள் எழுபத்தொன்று. அந்த ஒரு மார்க்கை நான் இதுவரை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா தையல் ஃபேக்டரிப் படிக்கட்டில் விழுந்து இடுப்பு ஒடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அப்பா கண்டக்டர் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டே, "ரெண்டு நாளைக்கு யாராவது ஒருத்தி லீவு போட்டு அம்மாவைப் பாத்துக்குங்க," என்றார்.

"எனக்கு இன்னைக்கு அறிவியல் டெஸ்ட் இருக்குப்பா," என்றாள் சின்னது.

எனக்கும் அன்று அதே அறிவியல் டெஸ்ட் இருந்தது. அதே கேள்வித்தாள். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் செருப்பைப் போட்டுவிட்டாள். இரண்டு நாள் இரண்டு வாரமானது, பிறகு இரண்டு வருடமானது. யாரும் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன்.

படிவக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினார். அவர் நல்ல மனிதர். கேட்காதவற்றையும் விளக்குவார்.

"இப்போ படிப்பு நல்லதா கெட்டதான்னு ஆணையம் கண்டுபிடிக்கணும். படிச்சவங்களையும் படிக்காதவங்களையும் சும்மா பக்கத்துல வச்சுப் பாத்தா தப்பாப் போயிடும். படிச்சவன் வீட்டுல வசதி இருக்கும், அதனாலயே நல்லா இருப்பான். பேரு மட்டும் படிப்புக்குப் போயிடும். சரியா?"

"சரி சார்," என்றாள் சின்னது.

"நியாயமாப் பாத்தா சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒருத்தியைப் பள்ளிக்கூடத்துக்கும் ஒருத்தியை வீட்டுக்கும் அனுப்பணும். ஆனா அது பாவம். ஆணையம் அப்படியெல்லாம் செய்யாது. அதனால என்ன பண்றோம்னா, தானா போனவளையும் தானா நின்னவளையும் தேடிப் பிடிச்சுச் சோடி சேக்குறோம். அப்பா வேலை, அம்மா வேலை, வீட்டுல எத்தனை ரூம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், நிக்கிறதுக்கு முன்னாடி மார்க் அறுபதுலயா எழுபதுலயா, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போட்டா ஒரே ஒரு எண் வரும். இந்த மாதிரி வீட்டுல பொறந்த இந்த மாதிரிப் பொண்ணு படிப்பைத் தொடர எவ்வளவு வாய்ப்புன்னு அந்த எண் சொல்லும். நாட்ட மதிப்பெண்னு பேரு. ரெண்டு பேருக்கும் அந்த எண் ஒண்ணா இருந்தா, ஆணையத்தைப் பொறுத்தவரை ரெண்டு பேரும் ஒரே ஆளு."

அம்மா கட்டிலிலிருந்து, "கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பாக்க மாட்டாங்க," என்றாள்.

"கல்யாணம் தப்பாப் போனா ரெண்டு குடும்பம்தான் கெடும்மா. இது தப்பாப் போனா அறிக்கையே கெட்டுடும்."

எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கேள்வி கேட்டார். என்னைக் கூடத்திலும் அவளைச் சமையலறையிலும் வைத்து, ஒரே வீட்டைப் பற்றி ஒரே கேள்விகள். வீட்டில் எத்தனை ஜன்னல் என்று கேட்டதற்கு நான் மூன்று என்றேன். அவள் நான்கு என்றாளாம். குளியலறையில் தலைக்கு மேலே இருக்கும் ஓட்டையையும் சேர்த்துவிட்டாள். எப்போதும் என்னைவிட ஒன்று கூடுதலாகச் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு.

இதனால் என் நாட்ட மதிப்பெண் 0.7134 என்றும் அவளுடையது 0.7139 என்றும் வந்தது. படிவக்காரர் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் மூன்று பேர் கொண்ட ஜன்னல் துணைக்குழு வந்தது. ஒருவர் ஸ்டூலில் ஏறி ஓட்டையை அளந்தார். ஒருவர் வெளியே போய் அதன் வழியாக உள்ளே பார்க்க முடிகிறதா என்று பார்த்தார். அம்மா சத்தம் போட்டதால் அந்தப் பரிசோதனை மட்டும் பாதியில் நின்றது. "பார்வைக்கு ஜன்னல், பயனுக்குத் துவாரம்" என்று துணைக்குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஒரு ஜன்னல் கழிக்கப்பட்டது. இருவருக்கும் 0.7134.

"பதினோரு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு சோடி பாத்ததில்லை," என்று படிவக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாலாவது தசமம் வரைக்கும்!"

கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. இணையில் ஒருவர் பள்ளிக்குச் செல்வது மற்றவர் செல்வதையோ செல்லாததையோ பாதிக்கிறதா?

"இது வீட்ல இருக்கறதாலதான் அது பள்ளிக்கூடம் போவுது," என்றாள் அம்மா.

படிவக்காரர் பேனாவை மூடித் திறந்தார். "அம்மா, 'ஆம்'னு போட்டா சோடி ரத்தாயிடும். 'இல்லை'ன்னு போடுறேன். நீங்க சொன்னதை எழுதறதுக்கு இதுல கட்டம் இல்ல."

அன்றுமுதல் அவள் 'பயன்பெறும் பிள்ளை', நான் 'ஒப்பீட்டுப் பிள்ளை'. ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். அவளுடையது பச்சை. என்னுடையது சாம்பல்.

ஆணையம் எனக்குச் செய்த கெடுதல் என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, அதனால்தான் அவள் போகிறாள், நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் பொறாமை அரைத் தூக்கத்தில் கிடக்கும். இப்போது ஓர் ஆணையமே முத்திரை குத்திச் சொல்லிவிட்டது, நாலாவது தசமம் வரை நானும் அவளும் ஒன்று. அதற்குப் பிறகு என்னால் அவளைச் சும்மா பார்க்க முடியவில்லை. அவள் விரலில் இருந்த மைக்கறை என்னுடையது. தெருமுனையில் நின்று அவளைக் கூப்பிடும் தோழிகள் என்னுடையவர்கள். "கணக்கு டீச்சர் மூஞ்சியைப் பாத்தாலே தூக்கம் வருதுக்கா, நீ குடுத்து வச்சவ," என்று அவள் கொட்டாவி விடும்போது, அந்தக் கொட்டாவியும் எனக்கு வந்து சேர வேண்டியது. அவள் சட்டைக்கு இஸ்திரி போடும்போது காலரில் ஒரு சுருக்கத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். அவள் கவனித்ததே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

வருடக் கடைசியில் ஆணையம் இருவருக்கும் ஒரே பரீட்சை வைத்தது. எனக்கு மட்டும், "நல்லா எழுதணும்னு கட்டாயம் இல்லம்மா," என்று சொல்லித் தாளைத் தந்தார்கள். அவள் அறுபத்தெட்டு வாங்கினாள். நான் ஐம்பத்து நான்கு.

பள்ளிக்கூடம் போகும்போது பாதிப் புத்தகங்களை அவள் சுமக்கச் சோம்பல்பட்டு வீட்டிலேயே விட்டுப் போவாள். அம்மா மதியம் கண்ணயரும் நேரம் நான் சும்மா இருக்க மாட்டேன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆணையத்தில் கலவரமாகிவிட்டது. படிவக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு வந்தார்.

"முப்பதுக்கு மேல வரக் கூடாதேம்மா! அம்பத்து நாலுன்னா பள்ளிக்கூடத்தோட பயன் வெறும் பதினாலு மார்க்குதான்னு ஆகுது. இதை எடுத்துக்கிட்டு நான் இயக்குநர் முன்னாடி எப்படி நிப்பேன்? யாரு உனக்குச் சொல்லிக் குடுக்கிறா?"

"யாரும் இல்ல சார், அது தானாப் படிக்குது," என்றாள் அம்மா பெருமையாக.

"தானாவா?" அவர் இன்னும் பயந்துபோனார்.

ஒப்பீட்டுத் தூய்மைக் காப்பாளர் என்று ஒருவரை நியமித்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் வருவார். நான் படிக்கவில்லை என்பதை உறுதி செய்வது அவர் வேலை. சமையலறை அலமாரியில் விரித்திருந்த செய்தித்தாளைத் தலைகீழாகத் திருப்பி விரித்தார். சுவர்க் காலண்டரில் தேதிகளை விட்டுவிட்டு, கீழே இருந்த பொன்மொழிகளை மட்டும் கிழித்தார். அம்மாவின் மருந்துச் சீட்டை நான் படிக்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். மாத்திரையின் நிறத்தை வைத்துக் கொடுக்கும்படி ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. மாவு டின்னுக்குள் என் நோட்டு ஒன்று அகப்பட்டது. அவர் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்து, 'சமையல் குறிப்பு' என்று பதிவு செய்துகொண்டு திருப்பிக் கொடுத்தார். அவரைப் பற்றித்தான் அந்த இரண்டு பக்கமும்.

சின்னது சத்தம் போட்டுப் பாடம் படிக்கும் நேரத்தில் நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைக்க வேண்டும் என்பது அடுத்த உத்தரவு.

"தண்ணி வீணாப் போகுதே," என்றாள் அம்மா.

"ஆணையம் அதைக் கருத்தில் எடுத்திருக்கும்மா."

"எடுத்து?"

"எடுத்து வச்சிருக்கு."

சின்னது அதையும் ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள். குழாய்ச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி கத்திப் படித்தாள். எனக்காகத்தான் கத்துகிறாள் என்று அம்மா சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னிடம் இருப்பதை உரக்கச் சொல்லிக் காட்டுகிறவளாகத்தான் தெரிந்தாள்.

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவுடைய அக்கா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் பகலில் அம்மாவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். வந்த அன்றே அப்பாவைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டா, ரெண்டு நாள் லீவு இன்னுமா முடியல?" அப்பா மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தார். பதினாறு வயது முடிவதற்குள் வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் இருக்கிறதாம். எனக்குப் பதினாறு முடிய ஐந்து வாரம் இருந்தது. தலைமையாசிரியை படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு தாள் மட்டும் பாக்கி என்றார். நான் ஓர் ஆய்வில் பதிவான பிள்ளை என்பதால் ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்.

சான்று கேட்டு எழுதியதற்கு, விசாரணைக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது. குடும்பத்தோடு.

ஆணையத்தின் கூட்ட அறையில் முட்டை வடிவ மேசை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சுவரில் ஒரு பெண்குழந்தை புத்தகத்தோடு சிரிக்கும் பெரிய படம். அதன் அடியில் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு அம்மாள். புள்ளியியல் பார்ப்பவர். மூலையில் படிவக்காரர். நானும் அப்பாவும் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். சின்னது பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பையை மேசைமேல் வைத்தாள்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் வாழ்க்கையையே கல்விக்குக் குடுத்தவன் நான். ஒவ்வொரு பெண்குழந்தையும் படிக்கணும்னு இதே அறையில எத்தனையோ தடவை கண் கலங்கிப் பேசியிருக்கேன். வீடியோவே இருக்கு. ஆனா, படிப்பு எவ்வளவு உயர்ந்ததுன்னு உலகத்துக்கு நிரூபிக்கணும்னா நீ படிக்காம இருக்கணும்மா. இன்னும் ரெண்டே வருஷம்."

"ரெண்டு வருஷம் போனா அதுக்கு வயசு தாண்டிடும் சார்," என்றார் அப்பா. பஸ்ஸில் தினம் நானூறு பேரை அதட்டுகிற குரல், அங்கே கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அறிக்கை வரட்டும். படிக்காத பெண்கள் எவ்வளவு இழக்கறாங்கன்னு அதுல ஒரு தனி அத்தியாயமே வருது. அது முழுக்க உங்க பொண்ணுதான். எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?"

"ரெண்டு பேரும் போகட்டுமே சார். இப்போ என் அக்கா வந்துட்டாங்க."

இயக்குநர் பொறுமையாகச் சிரித்தார். "ரெண்டு பேரும் போனா வித்தியாசம் எங்கேருந்து வரும்?"

எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். அப்போது புள்ளியியல் அம்மாள் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். கோபமோ இரக்கமோ இல்லாத குரல். சோற்றில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்வது போல.

"சார், ஒரு வழி இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண். யாரு உள்ளே, யாரு வெளியேன்னு கணக்குக்குத் தெரியாது. பெரியவ போகணும்னா போகட்டும். சின்னவ நின்னுக்கட்டும். அட்டையை மாத்திட்டாப் போதும். சராசரியில ஒண்ணும் மாறாது."

படிவக்காரர் எழுந்து நின்றுவிட்டார். "நாலாவது தசமம் வரைக்கும் மாறாது சார்!"

"சின்னவளுக்கு இன்னும் வயசிருக்கு," என்று கணக்குப் போட்டார் இயக்குநர். "ரெண்டு வருஷத்துல ஆய்வு முடிஞ்சதும்..." விரலை மடக்கிப் பார்த்தார். மடக்கிய விரலை மறுபடி நீட்டிக்கொண்டார். "சரி, அதை அப்போ பாத்துக்கலாம். ஆணையம் யாரோட படிப்பையும் தடுக்காது. இதை முதல் வரியாவே எழுதிக்குங்க. ஒரு பிள்ளைக்குப் படிப்பு, ஒரு பிள்ளைக்கு ஆய்வு. ரெண்டுமே கல்விக்குத்தானே?"

படிவக்காரர் எழுதிக்கொண்டார்.

"ஏன் சார், இது என்ன சார் நியாயம்..." அப்பா எழப் பார்த்தார்.

"முடிவு நம்ம கையில இல்ல. ஒப்பீட்டுப் பிள்ளையோட சம்மதம்தான் முக்கியம். ஆணையத்துக்கு நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கு." இயக்குநர் என் பக்கம் திரும்பி, குழந்தையிடம் குனிவது போலக் குனிந்தார். "சொல்லும்மா. உனக்குச் சம்மதமா?"

சின்னது என்னைப் பார்த்தாள். அவள் நெற்றியில் வியர்வை. காலரில் நான் விட்ட சுருக்கம். நான் முடியாது என்று சொல்லிவிடுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. பயம்கூட இல்லை. இந்த அக்காவிடம் அவள் எதைத்தான் பயந்து கேட்டிருக்கிறாள்?

தலைமையாசிரியை கையெழுத்துப் போட்ட தாளை நினைத்தேன். ஐந்து வாரத்தை நினைத்தேன். பிறகு, சொல்வதற்கென்ன, எதையுமே நினைக்கவில்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சம்மதம்," என்றேன்.

என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் சிரிக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சபாஷ். தெளிவான பொண்ணு," என்றார் இயக்குநர். புள்ளியியல் அம்மாள் மடிக்கணினியில் இரண்டு விசைகளைத் தட்டினார். அவ்வளவுதான் வேலை. படிவக்காரர் சாம்பல் அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பச்சை அட்டைக்காக எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். சின்னது கழுத்திலிருந்து அதைக் கழற்றிக் கொடுத்தாள்.

"பயன்பெறும் பிள்ளை... மன்னிக்கணும், ஒப்பீட்டுப் பிள்ளை ஏதாவது சொல்ல விரும்புதா?" என்று கேட்டார் இயக்குநர். அதுவும் நெறிமுறையில் இருக்கிறதாம்.

படிவக்காரர் கொஞ்ச நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். பிறகு 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

சின்னது மேசைமேல் இருந்த பையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டு, பாதி தின்று காகிதத்தில் மடித்து வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தையும் ரிப்பனையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பையை மூடி, பக்கிளைப் போட்டு, முட்டை வடிவ மேசையின் குறுக்கே தள்ளினாள். அது தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றது.

அப்பா, "சின்னது," என்றார்.

அவள் நாற்காலியை மேசைக்கு அடியில் நகர்த்தினாள். கதவு வரை போனாள். அது தள்ளுகிற கதவா இழுக்கிற கதவா என்று தெரியாமல் ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டாள்.